மூன்றாம் அறையில் லியோனல்

2024 பிப்ரவரி 15, வியாழக்கிழமை மாலை, செம்பவாங்கில் ஒன்பதாவது மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில், அறுபத்து மூன்று வயது பெர்னார்ட், இருபத்து நான்கு வயது லியோனலாக இணைய வகுப்பில் சேர்ந்தார்.

லியோனல் அவருடைய ஒரே மகன். தமிழாசிரியர் ஆவதற்கான பல்கலைக்கழகப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தான். அந்த நேரத்தில் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"சிம்பிள் லா, டேடி. கேமரா ஆஃப். மைக் ஆஃப். யாராவது ஏதாவது சொன்னா 'ஆமாம்'னு டைப் பண்ணுங்க. அவ்ளோதான்."

"தப்புடா இது. நேத்துதான் கோயில்ல நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்தேன். தவக்காலத்துல முதல் வேலையே பொய்யா?"

"பொய் இல்ல டேடி. டைப்பிங்."

"கண்டுபிடிச்சிட்டா?"

"பேசாம இருந்தா யாரும் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு கிளாஸ் ஏற்கெனவே மிஸ் பண்ணிட்டேன். இன்னொண்ணு மிஸ் பண்ணா ஃபெயில். ஃபெயில்னா டிகிரி இல்ல, டீச்சர் வேலையும் இல்ல. டியூஷன் சென்டர்ல இன்னைக்குன்னு பாத்து என்னைப் போட்டுட்டாங்க. ஒரு நாள்தான், ப்ளீஸ்."

பெர்னார்டுக்கு வேறு வேலை இல்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கப்பல் பட்டறையில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஜனவரியில் ஓய்வு பெற்றிருந்தார். முதல் வாரம் வீட்டு அலமாரிகளை ஒழுங்குபடுத்தினார். இரண்டாம் வாரம் அடுக்களைக்குள் புகுந்து மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். அன்றிலிருந்து மனைவி உர்சுலா அவரிடம் அளந்துதான் பேசினார்.

"போய் உக்காருங்களேன்," என்றார் உர்சுலா. "இங்க வந்து குளிர்பெட்டிக்குள்ள ஏதாவது அடுக்குறதுக்கு அது மேல்."

இணைப்பை அழுத்தியதும் திரையில் ஓர் இளம்பெண் தெரிந்தாள். பெயர் கேட்லின். வகுப்பை நடத்துபவர்.

"மூன்றாம் அறைக்கு வரவேற்கிறேன். நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரணும். ஒரு புளோக்கோட கீழ்த்தளத்துல வாய்ட் டெக், அதான் சுவரில்லாத பொதுக்கூடம், காலியா இருக்கு. அதை என்ன செய்யலாம்? யார் சொன்னது சரிங்கறது முக்கியம் இல்ல. எப்படிச் சேர்ந்து பேசுறீங்க, அதுக்குத்தான் மார்க். நான் மத்த அறைகளைப் பாத்துட்டு அப்பப்ப வருவேன்."

அவள் மறைந்தாள். மூன்று கறுப்புக் கட்டங்கள் மிஞ்சின. ஒன்றில் லியோனல் என்று எழுதியிருந்தது. மற்ற இரண்டில் கபிலன், சுஷ்மிதா.

யாரும் பேசவில்லை.

பெர்னார்ட் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். திரும்பி வந்தபோதும் யாரும் பேசவில்லை. மகன் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வர, 'ஆமாம்' என்று தட்டச்சு செய்தார்.

சற்று நேரத்தில் கபிலன் என்ற கட்டத்திலிருந்து பதில் வந்தது: 'ஆமாம்'.

அதற்குப் பின் சுஷ்மிதா: 'ஆமாம்'.

அதோடு சரி.

தேவாலயப் பங்கின் தமிழ்ச் சபைக்குப் பெர்னார்ட் பதினேழு ஆண்டுகள் செயலாளராக இருந்தவர். வரவேற்புரை இல்லாமல் தொடங்கிய கூட்டத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஆள் இருந்தும் பேச்சில்லாத கூட்டத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. கால் தானாக ஆடியது. கை தானாகப் போய் ஒலிவாங்கியைத் திறந்தது.

"வணக்கம்," என்றார். மகன் தன் நண்பர்களை எப்படி அழைப்பான் என்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "ப்ரோ."

"வணக்கம்... ப்ரோ," என்றது கபிலனின் கட்டம். குரல் கனமாக இருந்தது.

"வணக்கம் கைஸ்," என்றாள் சுஷ்மிதா.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. அதான் வாய்ஸ் இப்படி," என்றார் பெர்னார்ட்.

"எனக்கும்தான் ப்ரோ."

"எனக்கும் கைஸ். எங்க புளோக்ல எல்லாருக்குமே."

பெர்னார்டுக்குத் தைரியம் வந்தது. "அப்ப முறைப்படி செய்வோம். முதல்ல வரவேற்புரை. அப்புறம் ஆளுக்கு மூணு நிமிஷம். கபிலன் குறிப்பு எடுக்கட்டும். கடைசியில நன்றியுரை. முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றான் கபிலன், கேட்டவுடன்.

இந்தக் காலத்துப் பையனுக்கு வழிமொழியத் தெரிகிறதே என்று பெர்னார்ட் வியந்தார்.

கேட்லின் திரும்பி வந்தபோது அவர் நன்றியுரையின் நடுவில் இருந்தார்.

"...இந்த நல்ல வாய்ப்பை நமக்கு நல்கிய ஆசிரியை கேட்லின் அவர்களுக்கும், பொறுமையோடு செவிமடுத்த கபிலன் அவர்களுக்கும், சுஷ்மிதா அவர்களுக்கும், மின்சாரம் தடைபடாமல்..."

"லியோனல்!" என்றாள் கேட்லின். "நீங்களா பேசுறது?"

பெர்னார்ட் சட்டென்று ஒலிவாங்கியை மூடினார்.

"இத்தனை வாரம் வாயே திறக்கல. இன்னைக்குப் பாருங்க! இனிமே மூன்றாம் அறைக்கு நீங்கதான் தலைவர். ஒவ்வொரு வாரமும் நீங்கதான் நடத்தணும்."

லியோனல் வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"ஏன் டேடி பேசினீங்க?"

"யாரும் பேசலடா."

"அதுக்கு?"

"கூட்டம்னா யாராவது பேசணும்ல? ஆளாளுக்கு ஆமாம் ஆமாம்னா என்ன அர்த்தம்?"

"இப்ப என்ன பண்றது? அடுத்த வாரம் நான் போய்ப் பேசினா குரல் வேற மாதிரி இருக்கும். மாட்டிக்குவோம். இனிமே நீங்கதான் போயாகணும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"பருவம் முடியுற வரைக்கும்."

பெர்னார்ட் நாற்காலியில் அமர்ந்தார். லியோனல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். தோள்கள் குலுங்கின. பிள்ளை அழுகிறான் என்று நினைத்து அப்பா பதறி எழுந்தார்.

"அழாதடா. நான் பாத்துக்குறேன்."

அடுத்த வியாழக்கிழமைக்குள் பெர்னார்ட் இரண்டு தடவை நூலகத்துக்குப் போய் வந்தார். இளையர்கள் எதை விரும்புகிறார்கள் என்று படித்தார். உடற்பயிற்சிக் கருவி, மேசைப் பந்து, சுவர் ஓவியம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். படிக்கும்போதே அவருக்குச் சலிப்பு தட்டியது. இருந்தாலும் வகுப்பில் வாசித்தார்.

"யூத்துக்கு, அதாவது நமக்கு, ஜிம் வேணும் ப்ரோ."

"வேணும் ப்ரோ," என்றான் கபிலன். சுரத்தில்லை.

"வேணும் கைஸ்," என்றாள் சுஷ்மிதா. பின்னால் எங்கோ குக்கர் விசிலடித்தது. "ஒரு நிமிஷம். அம்மா சமைக்கிறாங்க." நாற்காலி நகரும் ஓசை கேட்டது. விசில் நின்றது. மறுபடி நாற்காலி நகர்ந்தது.

கபிலன் தொண்டையைச் செருமினான். "ஜிம் சரி ப்ரோ. ஆனா ஜிம் பண்ணிட்டு எங்க உக்கார்றது? வாய்ட் டெக்ல இருக்கறதெல்லாம் கல் நாற்காலி. முதுகு சாய முடியாது."

பெர்னார்ட் நிமிர்ந்தார். இருபது ஆண்டுகளாக அவர் நகர மன்றத்திடம் சொல்லிவந்தது அது.

"கரெக்ட்! சாயற மாதிரி நாற்காலி போடணும்."

"கைப்பிடியோட," என்றாள் சுஷ்மிதா. "கைப்பிடி இல்லன்னா எந்திரிக்கும்போது... அதாவது, பெரியவங்க எந்திரிக்கும்போது கஷ்டமா இருக்கும்ல, கைஸ்?"

"பக்கத்துலயே ஒரு கழிப்பறை," என்றான் கபிலன்.

"ரொம்பத் தள்ளி இருக்கக்கூடாது ப்ரோ," என்றார் பெர்னார்ட்.

"கூடவே கூடாது."

அதன்பின் யாரும் ஜிம்மைப் பற்றிப் பேசவில்லை. நாற்காலியின் உயரம், மழைச்சாரல் அடிக்காத பக்கம், செய்தித்தாள் படிக்க வெளிச்சம் என்று பேச்சு சூடுபிடித்தது. சுஷ்மிதா பூனைகள் வரக்கூடாது என்றாள். கபிலன் பூனைகள் வரலாம் என்றான். பெர்னார்ட் பூனை விவகாரத்துக்குத் துணைக்குழு அமைத்தார். மூவர்தான் இருந்ததால் துணைக்குழுவிலும் மூவரும் இருந்தார்கள்.

நடுவில் உர்சுலா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னங்க, மீனைக் கழுவிட்டீங்களா இல்லையா?"

ஒலிவாங்கி திறந்திருந்தது.

"யாரு ப்ரோ?" என்றான் கபிலன்.

"எங்க அம்மா. எங்க அப்பாவைக் கூப்பிடுறாங்க."

"அப்பா கழுவிட்டாரா?"

"இப்பக் கழுவிடுவாரு."

கேட்லின் வந்தாள். முடிவைக் கேட்டாள். முதுகு சாயும் நாற்காலிகள், கைப்பிடியோடு. அருகில் கழிப்பறை. ஏகமனதாக.

"ஜிம், கேமிங், வைஃபை எதுவும் வேணாமா உங்களுக்கு?"

"வேணாம்," என்றன மூன்று கட்டங்களும்.

கேட்லின் தன் கேமராவைச் சிறிது நேரம் அணைத்துவிட்டாள். திரும்ப வந்தபோது முகம் சிவந்திருந்தது. "அருமை," என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு சாப்பிடும்போது பெர்னார்ட் மனைவியிடம் சொன்னார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களைக் குறை சொல்றோம். வயசானவங்க மேல அதுங்களுக்கு எவ்ளோ அக்கறை தெரியுமா?"

"அப்படியா?" என்று உர்சுலா மீனில் முள் எடுத்தார்.

அக்கறை கூடியதில்தான் சிக்கல் வந்தது. மூன்றாவது வாரம் வேகமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, செயலாளர் காலத்துப் பழக்கத்தில், பெர்னார்டின் வாய் தானாகச் சொன்னது.

"உக்காந்து பேசினா மட்டும் போதாது. களத்துக்குப் போகணும். வர்ற ஞாயிறு மூணு பேரும் நேர்ல சந்திப்போம். தேக்கா உணவங்காடியில, முதல் டீக்கடை முன்னால, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. அங்க நாற்காலி எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாப்போம். முன்மொழியறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கினார்.

"வழி... மொழியறேன்," என்றான் கபிலன். குரல் உள்ளே போயிருந்தது.

"சரி கைஸ்," என்றாள் சுஷ்மிதா. "தலைவர் சொல்லிட்டாரு."

தீர்மானம் நிறைவேறியது.

"நீயே போயிட்டு வாடா," என்று பெர்னார்ட் மகனிடம் கெஞ்சினார். "நீதானே லியோனல்? போய் நின்னு சிரிச்சிட்டு வா. தொண்டை சரியாயிடுச்சுன்னு சொல்லு."

"ஞாயிறு ஃபுல்லா டியூஷன் லா டேடி. நீங்க பண்ணதுக்கு நீங்களே வழி பண்ணுங்க."

"நான் எப்படிடா போறது? நரைச்ச தலையோட?"

"அப்ப போகாதீங்க."

போகாமலிருக்க அவரால் முடியவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு நடுவெயிலில் காக்கவைப்பது சரியில்லை. தூர நின்று முகத்தையாவது பார்க்கலாம், ஆபத்தில்லையென்றால் லியோனலுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வரலாம் என்று கணக்குப் போட்டார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கினார்.

தேக்காவில் கால் வைக்க இடமில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். பெர்னார்ட் தான் சொன்ன டீக்கடைக்கு எதிரே ஒரு மேசையில் ஓரமாக இடம் பிடித்தார். அதே மேசையில் கட்டம் போட்ட சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். சற்று நேரத்தில் காய்கறி நிறைந்த தள்ளுவண்டியோடு ஓர் அம்மாள் வந்து, காலியாக இருந்த நாற்காலியைக் கையால் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். பெர்னார்ட் தலையசைத்தார். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் எங்காவது நின்றால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைக்காரர் வந்தார். "என்ன குடிக்கிறீங்க, அங்கிள்?"

பெர்னார்ட் அடுத்த மேசையில் இருந்த டீயைக் காட்டினார்.

கடைக்காரர் கட்டம் போட்ட சட்டைக்காரரைப் பார்த்தார். அவரும் அதே டீயைக் காட்டினார். அம்மாள் தன் பக்கம் திரும்பியவரிடம் டீயைக் காட்டி ஒரு விரலை நீட்டினார்.

"என்ன, இன்னைக்கு எல்லாருக்கும் மௌன விரதமா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் போனார்.

மூவரும் டீ குடித்தார்கள். மூவரும் கழுத்தை நீட்டி நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தார்கள். இளைஞன் யாராவது தனியாக வந்து நின்றால் பெர்னார்ட் கோப்பைக்குப் பின்னால் முகத்தை மறைத்தார். வந்தவன் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போனான். நேரம் போனது. கபிலனும் வரவில்லை, சுஷ்மிதாவும் வரவில்லை. அம்மாள் முதலில் எழுந்தார், முகத்தில் எரிச்சலோடு. சட்டைக்காரர் அடுத்து எழுந்தார். பெர்னார்ட் கடைசியாக.

ரயிலில் வரும்போது அவருக்கு நிம்மதி வரவேண்டும். கோபம்தான் வந்தது.

வியாழக்கிழமை அவர் வரவேற்புரையைத் தவிர்த்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு? நான் வந்து காத்துக் கெடந்தேன்."

"நீயா ப்ரோ?" கபிலனின் குரல் உயர்ந்தது. "காத்துக் கெடந்தது நான். நீதான் வரல."

"ரெண்டு பேருமே பொய் சொல்றீங்க," என்றாள் சுஷ்மிதா. "நான்தான் வந்தேன். வெயில்ல, மூட்டு வலியோட. நீங்க ரெண்டு பேரும் வீட்ல காலை நீட்டிப் படுத்திருந்தீங்க."

"நான் டீ குடிச்சேன்," என்றார் பெர்னார்ட்.

"நானும் டீ குடிச்சேன்!"

"டீ குடிச்சா வந்ததா அர்த்தமா? யாரு பாத்தா?" என்றாள் சுஷ்மிதா.

"தலைவர்னு ஒருத்தரை வச்சா கூட்டத்துக்கு வரணும் ப்ரோ. கூப்பிட்டுட்டு ஏமாத்தக்கூடாது."

"யாருடா ஏமாத்தினது?" என்று பெர்னார்ட் கத்தினார். அந்தச் சொல்லைச் சொன்னதும் அவருக்கே வியர்த்தது.

கேட்லின் உள்ளே வந்தபோது மூவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"சண்டை நல்லது. சண்டை போட்டுட்டு எப்படிச் சேர்றீங்கங்கறதும் பாடம்தான். அடுத்த வாரம் கடைசி அமர்வு. பேராசிரியரே வந்து பார்ப்பாரு. மூணு பேரும் கேமராவைக் கட்டாயம் ஆன் பண்ணணும்."

மூன்று கட்டங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன.

"கேமராடா!" என்றார் பெர்னார்ட், மகன் செருப்பைக் கழற்றும் முன்பே. "பேராசிரியர் வர்றாராம்!"

"வரட்டும் டேடி. நீங்க வழக்கம்போல வந்து உக்காருங்க."

"இந்த மூஞ்சியோடயா?"

"நல்ல சட்டையாப் போட்டுக்குங்க. நான் பாத்துக்குறேன் லா."

மகனின் அமைதி அவரைக் கதிகலங்க வைத்தது. ஒன்றும் புரியாத பிள்ளை. ஆள்மாறாட்டம். விசாரணை. பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கம். ஆசிரியர் வேலைக்கு எந்தப் பள்ளி எடுக்கும்? அன்று இரவு அவர் பாத்திர அலமாரியை முழுவதும் காலிசெய்து திரும்ப அடுக்கினார். உர்சுலா விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் வெள்ளி. சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு முன்பாக, பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டார்.

"பொய் சொன்னேன் ஃபாதர்."

"எத்தனை தடவை?"

"வாராவாரம். லிங்க் வருது ஃபாதர்."

வலைக்கு அப்பால் பாதிரியார் செருமினார். "யாருகிட்ட சொன்னீங்க?"

"பல்கலைக்கழகத்துல. என் பையன் பேர்ல நான் உக்காந்து பேசுறேன். ரெண்டு நல்ல பிள்ளைங்களையும் நம்ப வச்சேன்."

"முதல்ல அதை நிறுத்தணும். யாரை ஏமாத்தினீங்களோ அவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லணும்."

"பையன் பாஸான பிறகு சொல்லலாமா ஃபாதர்?"

"பெர்னார்ட்."

"சரி ஃபாதர். எனக்குச் செவிசாய்த்த தங்களுக்கும், இந்த நல்ல வாய்ப்பை..."

"போங்க பெர்னார்ட். வரிசை நிக்குது."

திங்கட்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். ஞானஸ்நானத்துக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டை. ரயிலில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனார். உதடு அசைந்தது. குற்றம் முழுக்க என்னுடையது, பையனுக்கு இதில் சம்பந்தமில்லை, தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். பையனுக்கு எப்படிச் சம்பந்தமில்லாமல் போகும் என்ற கேள்விக்கு மட்டும் இறங்கும் நிலையம் வரை பதில் கிடைக்கவில்லை.

துறை அலுவலகத்தில் அண்ணாதுரை என்ற அலுவலர் இருந்தார். பேராசிரியர் வகுப்பில் இருப்பதாகச் சொல்லி, உட்காரும்படி கையைக் காட்டினார். சுவரோரம் மூன்று நாற்காலிகள். இரண்டில் ஆள் இருந்தது. ஒருவர் கட்டம் போட்ட சட்டைக்காரர். இன்று நீலக் கட்டம். மற்றவர் தேக்காவில் தள்ளுவண்டியோடு வந்த அம்மாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, மடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

எங்கேயோ பார்த்த முகங்கள் என்பது மட்டும் பெர்னார்டுக்குத் தோன்றியது. அதை யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும். நேரே மேசைக்குப் போனார்.

"சார், நான் பேராசிரியர்கிட்ட ஒரு குற்றத்தை ஒத்துக்க வந்தேன். காத்திருந்தா ஓடிப்போயிடுவேன். அதனால உங்ககிட்டயே சொல்லிடுறேன். வியாழக்கிழமை ஆன்லைன் வகுப்புல மூன்றாம் அறைன்னு ஒண்ணு இருக்கு..."

பின்னால் நாற்காலி ஒன்று பலமாக நகர்ந்தது.

"லியோனலா?" என்றார் நீலக்கட்டம் எழுந்து நின்று.

பெர்னார்ட் திரும்பினார். அந்தக் கனமான குரலை அவருக்குத் தெரியும்.

"கபிலனா?"

"கபிலன் என் பையன். நான் சுந்தரம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பேரு?"

"பெர்னார்ட். லியோனல் என் பையன்."

"அடப்பாவிகளா," என்றார் அம்மாள், உட்கார்ந்தபடியே. "என் பேரு ரத்தினம்மா. சுஷ்மிதா என் மக. ஞாயித்துக்கிழமை அந்த மேசையில டீ குடிச்சது நீங்க ரெண்டு பேருமா?"

"நீங்க ஏன் பேசல?" என்றார் பெர்னார்ட்.

"பேசினா அந்தப் பசங்களுக்குக் குரல் தெரிஞ்சிடுமேன்னுதான்!"

"எந்தப் பசங்களுக்கு?"

கேட்ட சுந்தரமே வாயை மூடிக்கொண்டார். ரத்தினம்மாவும் எழுந்தார். பெர்னார்டுக்குச் சற்று ஆறுதலாகவும் பெரும் பயமாகவும் இருந்தது. குற்றவாளி ஒருவர் அல்ல, மூவர். தண்டனை மூன்று பிள்ளைகளுக்கு. செயலாளராக அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அண்ணாதுரையின் பக்கம் திரும்பினார்.

"சார், எங்க மூணு பேர் சார்பாகவும் நான் பேசுறேன். பிள்ளைங்க மேல தப்பில்ல. அவங்களுக்கு வேலை இருந்துச்சு. அவங்க பேர்ல நாங்க உக்காந்துட்டோம். இன்னொரு அறையில வேணும்னா அவங்களை உக்கார வச்சு, முதல்லேருந்து பரீட்சை வைங்க. ஃபெயில் மட்டும் போடாதீங்க."

அண்ணாதுரை கணினியைப் பார்த்தார். பிறகு மூவரையும் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, வேற அறையே கிடையாது. கூட்டா இயங்குற திறனை ஆன்லைன் பேச்சு மூலமா மத்தவங்களுக்கு எப்படி வளர்க்கறதுன்னு லியோனல், கபிலன், சுஷ்மிதா, கேட்லின் நாலு பேரும் சேர்ந்து செஞ்ச புராஜெக்ட்தான் அந்த அறை. அதுல மாணவர்கள்னு பதிவாகியிருக்கறது நீங்க மூணு பேருதான். உங்ககிட்ட சொல்லலையா?"

ஏப்ரல் இறுதியில் முடிவு வெளியானது. அந்தக் குழுவுக்கு B கிடைத்தது. பங்கேற்றவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறவில்லை என்பதால் தரம் ஒரு படி குறைக்கப்பட்டிருந்தது. மூவரும் நேரில் வந்து சொல்லும்வரை சம்மதம் பெறாதது துறைக்குத் தெரிந்திருக்கவில்லை.